மலையிறங்கும் பிள்ளைகள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வருவோர் அவ்வெண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே ஏறுவது வழக்கம். ஜூன் மாதத்தில் அதே சாலையில் கீழிறங்கும் பேருந்தில் சென்றால் வேறு காட்சி காணக் கிடைக்கும். தகரப் பெட்டியும் பாயும் வாளியுமாகப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். நாமக்கல்லுக்கும் இராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் விடுதியில் தங்கிப் படிக்கச் செல்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு வளைவுகளை எண்ணும் ஆர்வம் இருப்பதில்லை.

தமிழ் படித்தவர்களுக்குக் கொல்லி என்றதும் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருவது இயல்பு. நமக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் சமவெளிக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாகத் தமிழ் நடத்தி வரும் நம்மிடம், அம்மலையின் சிறு திருச்சபை ஒன்றைச் சேர்ந்த மூப்பர்கள் ஒரு கேள்வியை வைத்தார்கள். ஞாயிறு பள்ளியில் முதலாவதாக நின்ற பிள்ளைகள் கீழே போய் மூன்றாண்டுகள் ஆனால் ஆலயத்தின் பக்கமே வருவதில்லை, வந்தாலும் வாசலில் நின்றுவிட்டுப் போகிறார்கள், ஏன்? காரணத்தையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். கைப்பேசி, சினிமா, கல்லூரி நட்பு. கல்லூரியும் அப்பட்டியலில் இருந்ததால்தான் நம்மைக் கேட்டார்கள் போலும். அன்று ஏதோ சமாதானம் சொல்லி இறங்கிவிட்டோம். விடையாக நமக்குத் தோன்றியதை இப்போது எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் கொல்லிமலைப் பிள்ளை ஒருவன் இருந்தான். கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றான். "ஐயா, நானும் கிறிஸ்தவன்தான். இப்போது போவதில்லை" என்றான். ஏன் தம்பி என்று கேட்டோம். யாருடனும் சண்டையில்லை என்றான். "விடுதிக்கு வந்ததும் இரண்டு வாரம் போகவில்லை ஐயா. யாரும் கேட்கவில்லை. அப்படியே விட்டுப்போயிற்று."

நம்பிக்கையை இழந்தவனின் துயரமோ, அதை உதறியவனின் சினமோ அக்குரலில் இல்லை. பேருந்தில் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தவனைப் போலப் பேசினான். அதுவே நம்மை உறுத்தியது. மேலும் கேட்டபோது, 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் பிழையின்றி ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு பெற்றவன் அவன் என்று தெரிந்தது. பதினான்கு வயதில் ஞாயிறு பள்ளியில் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். ஆடிப் பதினெட்டுக்கு மாமன் வீட்டில் கிடாய் வெட்டிப் படைத்துச் சோறு போடுகிறார்கள், உண்ணலாமா, கூடாதா? "இதெல்லாம் கேட்கக் கூடாது, உட்கார்" என்பது பதில். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அம்மலையில் வாழும் பிள்ளைக்கு இதைவிட உண்மையான கேள்வி வேறு எது இருக்க முடியும்? மலையாளி என்று வழங்கப்படும் பழங்குடி மக்களே கொல்லிமலையில் பெரும்பான்மையினர். ஒரே குடும்பத்தில் அண்ணன் அறப்பளீசுவரரை வணங்குவான், தம்பி ஆலயத்துக்குப் போவான். பெண் கொடுத்து எடுப்பதும், மிளகு காயப்போடுவதும், சாவு வீட்டுக்குப் போவதும் அனைவருக்கும் பொது. மாமன் வீட்டு இலை முன் உட்காரும் கிறிஸ்தவப் பிள்ளை ஒவ்வோர் ஆடியிலும் அக்கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் இதே கேள்விக்கு எட்டாம் அதிகாரம் முழுவதையும் செலவிட்டிருக்கிறார். பத்தாம் அதிகாரத்தில் மீண்டும் அதற்கே வருகிறார். அப்போஸ்தலன் அதிகாரக் கணக்கில் விடை எழுதிய ஒன்றை நாம் ஒரு சொல்லில் உட்கார வைத்துவிட்டோம். (அந்த ஆசிரியரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. யாப்பிலக்கண வகுப்பில், தளை தட்டினால்தான் என்ன ஐயா என்று கேட்ட மாணவர்களை நாமும் உட்கார வைத்தவர்களே.)

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இம்மலையின் திருச்சபை வரலாற்றிலேயே மூப்பர்களின் கேள்விக்குரிய விடை கிடக்கிறது என்பது நம் எண்ணம்.

ஜெசி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் 1907இல் இந்தியா வந்தவர். 1913இல் ஈவ்லின் ஹாரிசை மணந்து இருவருமாகக் கொல்லிமலையில் குடியேறினர். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளிக்காரர்கள் ஏறத் தயங்கிய காலம் அது. மருந்து கொடுத்தார்கள், பள்ளி வைத்தார்கள், தச்சு வேலை கற்பித்தார்கள். நரம்புச் சிலந்தி நோயால் துன்புற்றவர்களின் உடலிலிருந்து அப்புழுவை அறுந்துவிடாமல் மெல்ல மெல்ல உருவி எடுத்தார்கள். பல ஆண்டுகள் ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்து வந்தார். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய இன்ஃபுளுயன்சா காய்ச்சல் மலைக்கும் வந்தது. கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சிச் சுமந்துகொண்டு குடிசை குடிசையாகச் சென்றார்கள். அப்பூசாரியின் குடும்பமும் நோயில் விழுந்தது. இறக்கும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையான மகளை ஒப்படைத்தது பிராண்ட் தம்பதியரிடந்தான். ரூத் என்று பெயரிட்டு அக்குழந்தையை வளர்த்தார்கள். அதன் பிறகே மக்கள் அவர்களுடைய சொல்லுக்குச் செவி கொடுத்தார்கள்.

அவர்களின் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர், வளர்ந்தது கொல்லிமலையில். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி மீண்டும் அசைவு தந்த அறுவை மருத்துவர் அவரே. அந்தப் புகழ் பலரும் அறிந்தது. நமக்கு வேண்டியது அவருடைய இளமை.

ஒன்பது வயதில், 1923இல், விடுப்பில் சென்ற பெற்றோருடன் அவரும் தங்கையும் இங்கிலாந்து போனார்கள். பெற்றோர் திரும்பிவிட, பிள்ளைகள் இருவரும் படிப்பிற்காக இலண்டனில் உறவினர் வீட்டில் விடப்பட்டார்கள். அவரும் மலையிறங்கிய பிள்ளைதான். கொல்லிமலைக்கும் இலண்டனுக்கும் இடையே இருந்த ஒரே பாலம் கடிதம். தந்தை எழுதிய கடிதங்களில் அறிவுரை இருந்ததைவிட மரங்களும் பறவைகளும் பூச்சிகளும் மிகுதியாக இருந்தன. காட்டில் நடக்கும்போது கண்டதை எழுதி, அதைப் படைத்தவனைப் பற்றித் தமக்குத் தோன்றியதையும் எழுதுவார். 1929 ஜூனில் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மகனுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிறையவில்லை. செய்தி தந்தியில் வந்துவிட்டது. கடிதங்களோ கப்பலில் வருபவை. இறந்துவிட்ட தந்தையின் கடிதங்கள் அதற்குப் பின்னும் சில வாரங்கள் வந்துகொண்டே இருந்தன.

இதைப் படித்த அன்று வெகுநேரம் நாம் புத்தகத்தை மூடி வைத்திருந்தோம். அக்கடிதங்களை அப்பிள்ளை எப்படிப் பிரித்திருப்பான்? பதினைந்து வயதில் நம்பிக்கை உடைந்துபோக இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. கடவுளுக்காகத்தான் தந்தை அம்மலைக்குப் போனார். அந்த மலையே அவரைக் கொண்டுபோயிற்று. ஆனால் அக்கடிதங்கள்தாம் அவரைத் தாங்கின என்று தெரிகிறது. நேராகத் தாங்கிவிடவும் இல்லை. பள்ளி முடிந்ததும் மருத்துவம் வேண்டாம் என்றார். தந்தையின் மருந்தகத்தில் சிறுவயதில் கண்ட சீழும் இரத்தமும் அவருக்கு அருவருப்பாக இருந்தன. சில ஆண்டுகள் கட்டட வேலை கற்றார், மரம் இழைத்தார், கல் அடுக்கினார். பிறகே மருத்துவத்துக்கு வந்தார். இன்று நம் பிள்ளை இப்படிச் சுற்றி அலைந்தால் இரண்டாம் ஆண்டிலேயே 'பின்மாற்றக்காரன்' என்று பெயர் சூட்டிவிடுவோம்.

மற்றொரு நிகழ்ச்சியை அவரே 1985இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் எழுதியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது மலையின் அடுக்கு வயல்களில் நண்பர்களோடு தவளை பிடிக்க இறங்கி நீரைக் கலக்கியிருக்கிறார். வயல் வரப்புகளையும் மடைகளையும் நாள்தோறும் சுற்றிப் பார்த்துவரும் முதியவர் ஒருவர் அங்கே வந்தார். எல்லாரும் அவரைத் தாத்தா என்றே அழைத்தார்கள். அவர் பிள்ளைகளை அடிக்கவில்லை. ஒரு பிடி சேற்றைக் கையில் எடுத்துக் காட்டினார். மடை தாண்டி வழியும் கலங்கல் நீரில் இந்த மண்தான் போகிறது, ஓடைக்குப் போன மண் மலையேறித் திரும்பாது, இதுதான் நமக்கும் நம் பின்வருவோருக்கும் சோறு என்று விளக்கினார். தவளை பிடிக்கும் விளையாட்டு அன்றோடு முடிந்தது. எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த உலகப் புகழ் பெற்ற மருத்துவர், அந்தப் பிடி சேற்றை அப்போதும் மறக்கவில்லை.

அந்தத் தாத்தா கிறிஸ்தவரா, எழுத்தறிந்தவரா என்பது நம் கேள்வியன்று. அவர் எங்கே நின்று பேசினார் என்பதைப் பாருங்கள். தம் வேலையின் நடுவே, வரப்பின்மேல் நின்று பேசினார். பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். நம் திருச்சபைகளில் இந்தச் சந்திப்பு நடப்பதற்கு இடமே இல்லாமற்போனது என்பதுதான் நம் குற்றச்சாட்டு. குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி, மேயில் விடுமுறை வேதாகமப் பள்ளி, பதின்வயதினருக்கு வாலிபர் கூட்டம், பெண்களுக்கு ஒரு சங்கம், மூப்பர்களுக்குக் கமிட்டி. ஒவ்வொரு வயதுக்கும் ஓர் அறை கட்டிக் கதவைச் சாத்திவிட்டோம். வாலிபர் கூட்டத்திற்குக் கீபோர்டும் டிரம்சும் வாங்கிக் கொடுத்தோம். சமவெளியிலிருந்து பேச்சாளரை அழைத்து வருகிறோம். அவர் இரண்டு மணி நேரம் முழங்குகிறார். பிள்ளைகள் அழுகிறார்கள், கை தூக்குகிறார்கள். மறுநாள் பேச்சாளர் பேருந்து ஏறிவிடுகிறார். அவருக்கு அப்பிள்ளைகளில் ஒருவருடைய பெயரும் தெரியாது. அந்தக் கண்ணீர் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவனோடு நடக்க யாருமில்லை.

இது கொல்லிமலைக்கு மட்டும் வந்த கேடு அன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித், மெலிண்டா டென்டன் இருவரும் 2005இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரிடம் அவர்களுடைய சமய வாழ்வைக் கேட்டறிந்த ஆய்வு அது. பிள்ளைகள் சமயத்தை வெறுக்கவில்லை. ஆனால் தாங்கள் எதை நம்புகிறோம் என்பதைச் சொல்ல அவர்களுக்குச் சொற்களே இல்லை. நீ என்ன நம்புகிறாய் என்று ஒரு பெரியவர் கேட்டது அந்தப் பேட்டியில்தான் முதன்முறை என்ற நிலையிலேயே பலர் இருந்தார்களாம். பெற்றோரின் வாழ்வே மற்றெதையும்விடப் பிள்ளைகளின் சமயத்தை உருவாக்குகிறது என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள பிள்ளைகளும் எவர்சில்வர் டம்ளர் வாங்கிய நம் மாணவனும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள் என்பது வியப்பே.

இதையெல்லாம் மூப்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் மறுத்தார். அவருடைய மறுப்பில் நியாயம் உண்டு. "ஐயா, நீங்கள் கல்லூரிக்காரர். கேள்வி கேட்கச் சொல்வது எளிது. நாங்கள் படித்தவர்கள் அல்லர். பிள்ளை கேட்பதற்கு எங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் உள்ளதும் போய்விடுமே" என்றார். அது அச்சம், ஆனால் அன்பிலிருந்து வரும் அச்சம். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் தலைமுறைக்குத் தந்தையான ஒருவருக்கு, மகனின் கேள்வி தேர்வுத்தாள் போலத்தான் தெரியும்.

அவருக்கு நாம் சொன்ன கதை தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருடையது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த அச்சிறுவனை, அவ்வூருக்கு 1785இல் வந்த சுவார்ட்ஸ் ஐயர் தந்தையின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். தம்மோடு வைத்துக்கொண்டார்; படிக்க வைத்தார்; இளவயதிலேயே ஆசிரியப் பொறுப்புக் கொடுத்தார். அதே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த மற்றொரு பிள்ளை சரபோஜி. அவர் தம் சமயத்திலேயே நிலைத்து மன்னரானார். இருவரும் சுவார்ட்ஸை இறுதிவரை தந்தையாகவே போற்றினார்கள். அன்பு காட்டினால் அனைவரும் சபையில் நிற்பார்கள் என்பதற்கு உறுதியில்லை என்பதையும் இக்கதை சொல்கிறது. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. சாஸ்திரியாரோ பின்னாளில் வந்த மிஷனரிமார் பழைய வேதாகம மொழிபெயர்ப்பையும் வழக்கங்களையும் மாற்ற முற்பட்டபோது அவர்களை எதிர்த்து எழுதும் அளவுக்குச் சபையைத் தமதாக எண்ணினார். (அவர் காக்க முனைந்த வழக்கங்களுள் சாதிப்படி அமர்வதும் ஒன்று. அதில் அவர் பக்கம் நாம் நிற்க முடியாது.) வாதாடுகிறவன் வெளியே போய்விடுவதில்லை என்பதே நாம் மூப்பருக்குச் சொல்ல வந்தது. விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். அடுத்த ஞாயிறு சேர்ந்து தேடலாம். பிள்ளைக்கு வேண்டியது விடையைக் காட்டிலும் தன்னோடு தேடும் ஒருவர்.

இன்னொன்று மொழி. நம் வேதாகமத் தமிழ் அழகியது. அதன் மேல் நமக்குப் பெருங்காதல் உண்டு. ஆனால் மலைப் பிள்ளை வீட்டில் பேசும் மொழி வேறு, பள்ளி மொழி வேறு, ஆலய மொழி மூன்றாவது. ஜெபிக்க எழுந்ததும் குரலே மாறிவிடுகிறது. ஸ்தோத்திரமும் கிருபையும் வரிசையாக வருகின்றன. தன் வயலையும் தன் பயத்தையும் சொல்ல அச்சொற்களில் அவனுக்கு இடம் இல்லை. சாமையும் மரவள்ளியும் அன்னாசியும் பலாவும் விளையும் ஊரில் ஜெபத்தில் மட்டும் ஒலிவமரமும் அத்திமரமும் வளர்கின்றன. தன் வீட்டு மொழியில் ஒரு தடவையாவது ஜெபித்த பிள்ளை, விடுதியின் இருட்டில் படுத்திருக்கும்போதும் ஜெபிக்கக்கூடும்.

பொறுப்பு என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் மிளகுக் கொடியேறுகிறான். வியாபாரியிடம் எடை பார்த்து விலை பேசுகிறான். தம்பி தங்கையரை வளர்க்கிறான். ஆலயத்தில் அவனுக்குக் கிடைக்கும் வேலை நாற்காலி அடுக்குவது. சபைக் கணக்கை அவன் பார்க்கக் கூடாதா? நோயாளி வீட்டுக்கு மூப்பரோடு அவனும் போகக் கூடாதா? பூசாரியின் குடிசைக்குக் கஞ்சி சுமந்தவர்களால் உருவான சபை அல்லவா இது? ஏறக்குறைய எழுபது வயதில் மிஷன் சங்கம் ஓய்வு கொடுத்த பின்னும் ஈவ்லின் அம்மையார் தனியாக மலைக்கே திரும்பினார். மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டும் மட்டக்குதிரையிலும் பச்சைமலை, கல்வராயன் மலை என்று ஊர் ஊராகச் சென்றார். 1974 டிசம்பரில் 95ஆம் வயதில் மறைந்து, கொல்லிமலையில் கணவருக்கு அருகிலேயே அடக்கமானார். கையில் வேலை இருந்தவரை அவருக்கு நம்பிக்கை தளரவில்லை. வேலையே கொடுக்காமல் நம்பிக்கையை மட்டும் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கிறோம் நாம்.

மூப்பர்களிடம் நாம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். கீழே போகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே சபையின் பெரியவர் ஒருவரின் பெயரை எழுதுங்கள். மாதம் ஒரு முறை அவர் எழுதட்டும். அஞ்சலட்டை 50 காசுதான். எழுத வராதென்றால் கைப்பேசியிலே குரல் பதிந்து அனுப்பட்டும். (சபிக்கப்பட்ட அதே கைப்பேசி!) உபதேசம் வேண்டாம், மழை பெய்ததா, மாடு கன்று ஈன்றதா, யாருக்கு உடல் நலமில்லை என்று எழுதினால் போதும். ஜெசி பிராண்ட் மரங்களைப் பற்றித்தானே எழுதினார்?

சிலர் சிரித்தார்கள். விதவையான ஓர் ஆயா மட்டும் எழுந்து, தமக்கு எழுதத் தெரியாது, யாராவது எழுதிக் கொடுத்தால் தாம் சொல்வதாகச் சொன்னார். அவருக்குக் கிடைத்த பெயர் திருச்செங்கோட்டு விடுதிப் பிள்ளை ஒருவனுடையது. முதல் அட்டையைப் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் சொல்லி எழுதுவித்தார். பலா காய்த்ததையும், கால் வலியையும், அவன் தாயார் ஞாயிறன்று பின் வரிசையில் அமர்ந்ததையும் சொன்னாராம். இரண்டு மாதம் பதில் இல்லை. மூன்றாம் அட்டைக்கு வந்தது: கால் வலி இப்போது எப்படி ஆயா?

அறுப்பின் பண்டிகைக்கு அவன் மலைக்கு வந்திருந்தான். நாமும் போயிருந்தோம். படைக்கப்பட்ட அன்னாசியும் மிளகும் தேனும் வாழைத்தாரும் ஏலம் போயின. கணக்கு எழுத அவனை உட்கார வைத்திருந்தார்கள். முடிவில் பதினொரு ரூபாய் உதைத்தது. இருக்கட்டும், நான் போட்டுவிடுகிறேன் என்று மூப்பர் சட்டைப்பையில் கைவிட்டார். அவன் விடவில்லை, முதல் பக்கத்திலிருந்து மீண்டும் கூட்டத் தொடங்கினான். பக்கத்தில் ஆயா தம் தேன் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கூட்டி முடிக்கும்வரை எழாமல் அமர்ந்திருந்தார்.